பத்து மீட்டருக்குப் போதுமான வேகம்: ஒரு ஏர் ரைபிளின் விசையைக் குறைத்த நிகழ்வு

பின்னணி

கோவைப் புறநகரில் ஒரு தனி வீடு. மொட்டைமாடியின் நீளம் 12 மீட்டர். அதில் 10 மீட்டரைக் குறி பார்த்துச் சுடும் தளமாக வீட்டுக்காரர் ஒதுக்கியிருந்தார். துப்பாக்கி 0.177 அங்குலத் துளையுள்ள, பேரலை மடக்கி ஏற்றும் இந்தியத் தயாரிப்பு ஸ்பிரிங் ஏர் ரைபிள். பேரலை மடக்கும்போது உள்ளே ஸ்பிரிங் அழுந்தி நிற்கும், டிரிகரை இழுத்ததும் அது பிஸ்டனை முன்னால் தள்ள, அழுந்திய காற்று குண்டை வெளியேற்றும். சுடுபவர்கள் இருவர்: அவரும், அவருடைய 13 வயது மகனும். பறவை, அணில் எதுவும் இலக்கல்ல. காகித இலக்கும் காலி டப்பாவும் மட்டுமே.

இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி, துளை 4.5 மி.மீ.யைத் தாண்டினாலோ பேரல் முனையில் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ அந்த ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டும். இந்த ரைபிள் அந்த எல்லைக்குள் அடங்கியதாகவே விற்கப்பட்டது. வீட்டுக்காரரின் குறை சட்டம் பற்றியதல்ல. பத்து மீட்டருக்கு இது அதிகப்படியான துப்பாக்கி என்பதுதான். மகனால் இரண்டு கையாலும் அழுத்தித்தான் பேரலை மடக்க முடிந்தது. சுடும்போது எழும் ‘டணங்’ என்ற ஓசை பக்கத்து வீடு வரை கேட்டது. தடுப்பாக நிறுத்தியிருந்த 12 மி.மீ. பிளைவுட் ஒரே இடத்தில் அடி வாங்கி வாங்கி அரிக்கப்பட்டு, ஒரு மாதத்தில் பின்னால் இருந்த கைப்பிடிச் சுவரின் பூச்சு பெயரத் தொடங்கியது.

மூன்றுமே நியாயமான காரணங்கள். விசையைக் குறைக்க வேண்டும் என்று அவர் நினைத்ததும் சரி. பிழை நேர்ந்தது செய்த விதத்தில்.

முதல் முயற்சி

பக்கத்து லேத் பட்டறையில் கிடைத்த யோசனை எளிமையானது: “ரெண்டு மூணு சுத்து அறுத்துப் போட்டா செரியாப் போயிருமுங்ணா.”

ரைபிளைப் பிரிக்கும்போதே முதல் சிக்கல். இந்த வகையில் டிரிகர் தொகுதி பின்பக்கம் ஒரு குறுக்கு ஊசியால் நிற்கிறது. அதற்கு முன்னால் ஸ்பிரிங், ஏற்றாத நிலையிலேயே சுமார் 60 மி.மீ. அழுந்தியபடி இருக்கிறது. பின்னர் கணக்கிட்டதில் அந்த அழுத்தம் 300 நியூட்டனுக்குச் சற்று மேல், அதாவது 32 கிலோ எடையைக் கையால் தாங்குவதற்குச் சமம். வீட்டுக்காரர் ரைபிளின் முனையைத் தரையில் ஊன்றி, டிரிகர் தொகுதியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு ஊசியைத் தட்டினார். ஊசி வெளியே வந்ததும் தொகுதி கையை மீறி எழும்பி மணிக்கட்டைக் கிழித்துக்கொண்டு போனது. முகம் ஒரு சாண் தள்ளி இருந்ததால் காயம் அதோடு நின்றது.

பிறகு ஸ்பிரிங்கின் 33 சுற்றில் 3 சுற்று கிரைண்டரில் அறுக்கப்பட்டது. அறுத்த முனையைச் சூடாக்கி மடக்கவோ தட்டையாகத் தேய்க்கவோ இல்லை. அறுத்த நுனி அப்படியே பிஸ்டனுக்குள் போயிற்று. திரும்பப் பூட்டும்போது, “வறண்டு போயிருக்கும்” என்று பேரல் மூடும் இடத்திலுள்ள காற்றுத் துளை வழியே தையல் இயந்திர எண்ணெய் தாராளமாக விடப்பட்டது. விளைவில் பாதிக்கு இந்த எண்ணெய்தான் பொறுப்பு. ஆனால் அன்றைக்கு அது யார் கண்ணிலும் படவில்லை.

காணப்பட்டவை

அடுத்த வாரம் ரைபிள் முன்பைவிட மோசமாகச் சுட்டது. முதல் சில வெடிகளில் புகையும் கருகிய நாற்றமும் வந்தன. ஓசை பட்டாசு போல இருந்தது. அதன் பிறகு ஓசை அடங்கினாலும் குண்டுகள் காகிதத்தில் மேலும் கீழுமாகச் சிதறின. அந்தக் கட்டத்தில்தான் ஏர் ரைபிள் பராமரிப்பில் பழக்கமுள்ள, ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவரிடம் இது வந்து சேர்ந்தது. அவர் முதலில் கேட்டது: “அறுக்கறதுக்கு முன்னாடி வேகம் என்னன்னு பாத்தீங்களா?” பார்த்திருக்கவில்லை.

நல்லவேளையாக, அதே மாதம் வாங்கிய அதே மாதிரி ரைபிள் ஒரு நண்பரிடம் கைபடாமல் இருந்தது. அதையே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

வேகத்தைக் குரோனோகிராஃபில் அளந்தார்கள். பேரல் முனையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைக்கப்பட்டது. முதல் நாள் எல்.இ.டி. விளக்கு வெளிச்சத்தில் எண்கள் தாறுமாறாக வந்தன. அந்த விளக்கின் துடிப்பையே கருவி குண்டின் நிழலாக எடுத்துக்கொள்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்றைப் போட்டதும் சரியானது. பெல்லட்டுகளை, அதாவது ஈயக் குண்டுகளை, நகைத் தராசில் நிறுத்து, 0.51 கிராமுக்கு ஒரு சென்டிகிராம் இப்படி அப்படி உள்ளவை மட்டும் சோதனைக்கு எடுக்கப்பட்டன. ஒரே டப்பாவுக்குள்ளேயே 0.48 முதல் 0.54 வரை இருந்தது, விலை மலிவான பெல்லட்டுகளில் எதிர்பார்க்கக்கூடியதுதான்.

ஆற்றல் கணக்கு எளிது: கிராமில் எடையை, விநாடிக்கு மீட்டர் கணக்கிலான வேகத்தால் இருமுறை பெருக்கி 2000 ஆல் வகுத்தால் ஜூல்.

கைபடாத ரைபிள்: சராசரி வேகம் 232 மீ/வி, 13.7 ஜூல். பத்து குண்டுகளில் மிக வேகமானதற்கும் மெதுவானதற்கும் இடைவெளி 14 மீ/வி.

அறுத்த ரைபிளில் முதல் மூன்று குண்டுகள் 295, 281, 258 மீ/வி. பிறகு படிப்படியாக இறங்கிச் சராசரி 208 மீ/வியில் நின்றது, 11 ஜூல். இடைவெளி 47 மீ/வி.

அந்த முதல் எண்ணை இன்னொரு முறை பார்க்க வேண்டும். 0.51 கிராம் பெல்லட் 295 மீ/வியில் போனால் 22 ஜூல். விசையைக் குறைப்பதற்காக வேலை செய்த ரைபிள், உரிமம் தேவைப்படும் எல்லையை ஒரு குண்டுக்காவது தாண்டியிருக்கிறது. காரணம் டீசல் எஞ்சினில் நடப்பதேதான்: பிஸ்டன் முன்னால் பாயும்போது காற்று நொடிக்கும் குறைவான நேரத்தில் அழுந்திச் சூடேறுகிறது, அங்கே பெட்ரோலிய எண்ணெய் இருந்தால் பற்றிக்கொள்கிறது. அந்த வெடிப்பு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளி ஸ்பிரிங்கையும், பிஸ்டன் தலையில் காற்றைக் கசியாமல் அடைக்கும் சீலையும் சேர்த்தே கெடுக்கிறது.

பிரித்துப் பார்த்தல்

இந்த முறை பிரிப்பதற்கு முன் ஒரு சாதனம் செய்துகொண்டார்கள். தச்சர்கள் பலகை ஒட்டப் பயன்படுத்தும் நீளக் கிளாம்ப், இரண்டு மரக்கட்டைகள், பேரல் முனைக்கு ஒரு ரப்பர் குழி. டிரிகர் தொகுதியைக் கிளாம்பால் கால் திருப்பு அழுத்தி, ஊசி தளர்ந்ததும் உருவி, பிறகு திருகைப் பின்னுக்கு விட்டு 60 மி.மீ. தூரமும் மெதுவாக இறக்கினார்கள். பிரிக்கும் நேரம் இரண்டு நிமிடம் கூடியது, அவ்வளவுதான்.

உள்ளே: அறுத்த முனை பிஸ்டனின் உட்புற அடியில் வளையமாகக் கோடு கீறியிருந்தது. முனை தட்டையாக அமராததால் ஸ்பிரிங் ஒரு பக்கம் சாய்ந்து நின்று, நடுவில் வளைந்து, கண்ணாடி மேல் உருட்டினால் எழும்பி எழும்பி உருண்டது. தேய்ந்த இரும்புத் தூள் கிரீஸில் கலந்து, பிஸ்டன் ஓடும் கம்ப்ரஷன் குழாயின் சுவரில் நான்கைந்து நீளக் கீறல்கள். பிஸ்டன் தலையில் சீலாக இருந்தது தோல் வாஷர், சைக்கிள் பம்பில் இருப்பதன் தடித்த அண்ணன். அது எண்ணெயில் ஊறி உப்பி, ஓரம் கருகியிருந்தது. பேரல் மூடும் இடத்திலுள்ள ரப்பர் வளையமும் தட்டையாகிவிட்டிருந்தது. மெல்லிய டிஷ்யூ தாளை அங்கே வைத்துச் சுட்டபோது தாள் பறந்ததிலிருந்து காற்றுக் கசிவு உறுதியானது.

மூன்று சுற்று போயும் ஆற்றல் ஏன் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது?

பட்டறை யோசனைகள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது. ஸ்பிரிங்கில் சுற்றுகளைக் குறைத்தால் மிஞ்சியது தளர்வதில்லை, விறைக்கிறது. ஒரே கம்பி, ஒரே விட்டம் என்றால், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொரு மில்லிமீட்டரை அழுத்தவும் கூடுதல் விசை வேண்டும்.

அளவுகளை வைத்துப் பார்க்கலாம். முழு ஸ்பிரிங்: 3 மி.மீ. கம்பி, வெளி விட்டம் 20 மி.மீ., நீளம் 240 மி.மீ. இரண்டு முனைச் சுற்றுகள் போக 31 வேலை செய்கின்றன. விறைப்பு மில்லிமீட்டருக்குச் சுமார் 5.3 நியூட்டன். ரைபிளுக்குள் 180 மி.மீ. இடத்தில் அடைபட்டு, ஏற்றும்போது மேலும் 75 மி.மீ. அழுந்துகிறது. இதில் சேரும் ஆற்றல் 38 ஜூலுக்குச் சற்று மேல். அதில் பெல்லட்டுக்குப் போய்ச் சேர்வது 36 சதவீதம். ஸ்பிரிங் ரைபிளுக்கு இது இயல்பான கணக்கு.

மூன்று சுற்று அறுத்ததும் நீளம் 218 ஆகக் குறைந்து, முன்னழுத்தம் (ஏற்றாத நிலையிலேயே ஸ்பிரிங் அழுந்தியிருக்கும் தூரம்) 60இலிருந்து 38 மி.மீ. ஆனது. ஆனால் விறைப்பு 5.8 ஆக ஏறிவிட்டது. சேரும் ஆற்றல் 33 ஜூல். ஆக, ஸ்பிரிங்கின் ஆற்றலில் குறைந்தது 14 சதவீதமே. பெல்லட்டில் கூடுதலாகக் குறைந்த மிச்சம், சாய்ந்த ஸ்பிரிங்கின் உராய்விலும் கசிவிலும் போனது. அந்த இழப்பு ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு அளவு. 47 மீ/வி இடைவெளிக்குக் காரணம் அதுதான்.

இன்னும் நான்கு சுற்று அறுத்திருந்தால் வேகம் இறங்கியிருக்காதா என்ற கேள்வி அப்போது எழுந்தது. இறங்கும். ஆனால் முன்னழுத்தம் 10 மி.மீ. அளவுக்குச் சுருங்கி, ஓட்டத்தின் கடைசியில் பிஸ்டனைத் தள்ள விசையே மிஞ்சாது. அழுந்திய காற்று பிஸ்டனை எட்ட எட்டத் தள்ளும். அது முன்னும் பின்னும் துள்ளும். சுடுபவர் தோளில் இரண்டு மூன்று உதறலாக அது தெரியும்.

இலக்கும் வழியும்

7 முதல் 7.5 ஜூல் என்று தீர்மானித்தார்கள். இது மனம்போன எண்ணல்ல. பத்து மீட்டர் போட்டி ரைபிள்கள் ஏறக்குறைய இந்த ஆற்றலில்தான் இயங்குகின்றன. ஜெர்மனியில் உரிமமின்றி விற்கும் ஏர் ரைபிள்களுக்கான உச்சவரம்பும் 7.5 ஜூல்தான். 0.51 கிராம் பெல்லட்டுக்கு அது 166 முதல் 171 மீ/வி வரை.

அதை எட்டப் பல வழிகள் பேசப்பட்டன.

காற்றுத் துளைக்குள் சிறு குழாய் செருகிக் குறுக்குவது எளிது. ஆனால் ஸ்பிரிங் பழைய பலத்துடனே இருக்கும். ஏற்றும் பளு குறையாது, வெளியேற வழியில்லாத காற்றில் மோதி பிஸ்டன் துள்ளும். மகனின் சிரமம் அப்படியே நிற்கும் என்பதால் தள்ளப்பட்டது.

கம்ப்ரஷன் குழாயில் கசிவுத் துளை போடுவதோ சீலைத் தளர்த்துவதோ இதைவிடக் கேடு. பிஸ்டனின் கடைசி அடியைத் தாங்குவது அதற்கு முன்னாலுள்ள காற்று மெத்தை மட்டுமே. அதைக் கசியவிட்டால் இரும்பு இரும்பில் மோதும். பெல்லட் இல்லாமல் சுடக்கூடாது என்பதற்கும் இதே காரணம்தான்.

கனமான பெல்லட் போட்டால் வேகம் குறையும். ஆற்றல் ஏறக்குறைய அதே. தடுப்புப் பலகைக்கு அதில் ஆறுதல் ஒன்றுமில்லை.

பிஸ்டன் ஓட்டத்தைக் குறைப்பது நல்ல முறை. ஆனால் பிஸ்டன் தண்டின் நீளத்தையும் டிரிகர் கொக்கி பிடிக்கும் இடத்தையும் மாற்ற வேண்டும். கொக்கிப் பிடிப்பில் கைவைக்கும் வேலையை வீட்டுச் சிறுவன் சுடப்போகும் துப்பாக்கியில் செய்ய வேண்டாம் என்று ஃபிட்டர் மறுத்துவிட்டார். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிக நல்லது இதுவே.

மிஞ்சியது: மெல்லிய கம்பியில் புது ஸ்பிரிங் சுற்றி, முன்னழுத்தத்தை வாஷர்களால் நுணுக்கமாகச் சரிசெய்வது. பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டால் ரைபிள் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பது இதன் கூடுதல் வசதி. இங்கே பழைய ஸ்பிரிங் அறுபட்டுவிட்டதால் அந்த வசதி கிடைக்கவில்லை.

புதிய ஸ்பிரிங்

கணபதி பகுதியில் பம்புகளுக்கும் ஜவுளி இயந்திரங்களுக்கும் ஸ்பிரிங் சுற்றித் தரும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. கொடுத்த அளவு: 2.65 மி.மீ. ஸ்பிரிங் கம்பி, உள் விட்டம் 14 மி.மீ., மொத்தம் 33 சுற்று, இரு முனைகளும் மூடித் தட்டையாகத் தேய்க்கப்பட வேண்டும், நீளம் 228 மி.மீ. சுற்றியபின் 250 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி உள் இறுக்கத்தை நீக்கித் தரச் சொன்னார்கள்.

228 கேட்டதற்குக் காரணம் உண்டு. புது ஸ்பிரிங்கை முதன்முதலாக முழுதும் அழுத்தினால் கொஞ்சம் நிரந்தரமாகச் சுருங்கும். அது ரைபிளுக்குள் நடந்தால் முதல் இருநூறு குண்டுகளில் வேகம் இறங்கிக்கொண்டே போகும். ஆகவே ஒரு நீள போல்ட்டில் கோர்த்து, நட்டைத் திருகி, சுற்றோடு சுற்று ஒட்டும் வரை அழுத்தி 24 மணி நேரம் வைத்தார்கள். வெளியே எடுத்தபோது 219 மி.மீ.

கணக்குப்படி இதன் விறைப்பு மில்லிமீட்டருக்கு 3.4 நியூட்டன். கம்பி 3இலிருந்து 2.65 ஆனதற்கே இவ்வளவு வித்தியாசம். விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அரை மில்லிமீட்டரை அற்பமாக நினைக்கும் பட்டறையிடம் இந்த வேலையைக் கொடுக்கக்கூடாது. வந்த கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்தபிறகே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

‘டணங்’ ஓசைக்கு மருந்து ஸ்பிரிங் கைடு, அதாவது ஸ்பிரிங்குக்கு உள்ளே நின்று அதை நேராக வைக்கும் தண்டு. பழைய தகரக் கைடு ஸ்பிரிங்குக்குள் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் கொடுத்தது. அதற்குப் பதில் டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உருளையில், ஸ்பிரிங் கையால் முறுக்கித் தள்ளினால்தான் ஏறும் அளவுக்கு, 14 மி.மீ.க்கு நூலிழை கூடுதலாகக் கடைந்தார்கள். ஸ்பிரிங் அழுந்தும்போது அதன் விட்டம் சற்றே விரியும் என்பதால் இந்த இறுக்கம் ஓட்டத்தைத் தடுக்காது.

குழாயின் கீறல்களை 600 நம்பர் வாட்டர் பேப்பரால் குறுக்குவாட்டில் மெதுவாகத் தேய்த்து, மண்ணெண்ணெயில் மூன்று முறை கழுவினார்கள். புதுத் தோல் வாஷர் சிலிகான் எண்ணெயில் ஓர் இரவு ஊறி, மறுநாள் துணியில் ஒற்றி எடுக்கப்பட்டது. மாலிப்டினம் கிரீஸ் ஸ்பிரிங்கிலும் பிஸ்டனின் பின்பாதியிலும் மட்டும், விரலால் தடவித் துடைத்த அளவு. சீலுக்கு முன்னால் ஒன்றும் கிடையாது. பேரல் மூடும் வளையம் மாற்றப்பட்டு, அடியில் 0.3 மி.மீ. பிளாஸ்டிக் தாள் வட்டம் வைக்கப்பட்டது. டிஷ்யூ தாள் அசையவில்லை.

சோதனை

தோல் வாஷர் ஊறிய எண்ணெயைக் கக்கி முடிக்கட்டும் என்று முதல் 15 குண்டுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

முன்னழுத்தத்தைக் கூட்டும் எஃகு வாஷர் இல்லாமல், அதாவது 39 மி.மீ. முன்னழுத்தத்தில், சராசரி 164 மீ/வி, 6.9 ஜூல். 1.5 மி.மீ. கனமுள்ள எஃகு வாஷர் ஒன்றைச் சேர்த்ததும் 166. இரண்டு சேர்த்ததும் 168 மீ/வி, 7.2 ஜூல். அதோடு நிறுத்தினார்கள். வாஷருக்கு 2 மீ/வி என்ற இந்தச் சீரான ஏற்றமே, ஸ்பிரிங்கும் சீலும் சரியாக வேலை செய்கின்றன என்பதற்கு அடையாளம். வாஷர் சேர்த்தும் வேகம் ஏறாவிட்டால் கசிவையோ உராய்வையோ தேட வேண்டும், மேலும் வாஷரைத் திணிக்கக்கூடாது. எத்தனை சேர்த்தாலும், ஏற்றிய நிலையில் ஸ்பிரிங் சுற்றோடு சுற்று ஒட்டிவிடாமல் குறைந்தது 5 மி.மீ. மீதி இருக்க வேண்டும். இங்கே 14 மி.மீ. இருந்தது.

20 குண்டுகளில் 165 முதல் 171 வரை. இடைவெளி 6 மீ/வி.

ஏற்றும் பளுவை, காலி ரைபிளின் பேரல் முனையைத் துணி விரித்த எடை பார்க்கும் மேடையில் ஊன்றி அழுத்திப் பார்த்தார்கள். கைபடாத ரைபிளில் 14.5 கிலோ காட்டிய முள் இதில் 8.5இல் நின்றது.

ஒரு விளைவை மட்டும் முன்கூட்டி யாரும் யோசிக்கவில்லை. டிரிகர் இலகுவாகிவிட்டது. கொக்கியின் மேல் அழுந்தும் ஸ்பிரிங் விசை 700 நியூட்டனிலிருந்து 400க்கு இறங்கியதால் உராய்வும் குறைந்து, 2.9 கிலோ இருந்த இழுப்பு 1.8 ஆனது. காகிதத்தில் சுட இது நல்லதுதான். ஆனால் பிடிப்பு நிலைக்கிறதா என்று பார்க்காமல் விட முடியாது. பெல்லட் இல்லாமல் ஏற்றி, பேரலை மூடி, முனையைத் தடுப்பின் பக்கம் வைத்து, கட்டையின் அடியிலும் பக்கங்களிலும் ரப்பர் சுத்தியலால் பத்து முறை தட்டினார்கள். கொக்கி விடவில்லை. விட்டிருந்தால் டிரிகர் சரிசெய்யப்படும் வரை ரைபிள் பூட்டப்பட்டிருக்கும்.

பெல்லட் போடும்போது மடக்கிய பேரலை இன்னொரு கையால் பிடித்தே இருக்க வேண்டும் என்ற விதி மகனுக்கு மறுபடி சொல்லப்பட்டது. 8.5 கிலோ ஸ்பிரிங்கும் விரலை நசுக்கும்.

குண்டுகள் பழைய குறிக்கு 12 மி.மீ. கீழே விழுந்தன. வேகம் குறைந்தால் பறக்கும் நேரம் கூடும், தாழ்வும் கூடும். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைத் தூரம் 450 மி.மீ. என்பதால் பின் குறியை அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உயர்த்தியதும் நடுவுக்கு வந்தது. சாய்மேடையில் வைத்துச் சுட்ட பத்துக் குண்டுக் குழு, கைபடாத ரைபிளில் 34 மி.மீ. அகலம், இதில் 17.

திரும்பி வந்த குண்டு

இரண்டாம் நாள் மாடியில் வைத்துச் சுட்டபோது ஒரு பெல்லட் இலக்கில் பட்டுத் திரும்பி வந்து வீட்டுக்காரரின் முழங்காலுக்குக் கீழே அடித்தது. காயமில்லை, சிவந்தது. அரை மணிக்குள் இன்னொன்று மகனின் கண்ணாடிக்குச் சற்றுத் தள்ளிப் போனது. சுடுவது அங்கேயே நிறுத்தப்பட்டது.

தடுப்பில் பழைய பிளைவுட்டை எடுத்துவிட்டுப் புது 18 மி.மீ. பலகை போட்டிருந்தார்கள். 13.7 ஜூலில் பெல்லட் மரத்தைக் கிழித்து உள்ளே புதைந்துகொண்டிருந்தது. 7 ஜூலில் அது புதையும் அளவுக்குப் போகாமல், பாதி தட்டையாகி, மரத்தின் நார் விட்டுக் கொடுத்துத் திருப்பித் தள்ள, சுட்டவரை நோக்கியே வருகிறது. ஏற்கெனவே பதிந்த ஈயத்தின் மேல் பட்டால் இன்னும் மோசம். விசையைக் குறைத்தால் ஆபத்தும் அதே அளவு குறையும் என்ற எண்ணம் இங்கே உடைந்தது. ஊடுருவும் ஆபத்து குறைந்தது, தெறிக்கும் ஆபத்து கூடியது. கெட்டியான ரப்பரும் டயர் துண்டும்கூட இந்த வேகத்தில் பெல்லட்டைத் திருப்பி அனுப்புபவைதாம்.

புதுத் தடுப்பு ஒரு மரப் பெட்டி, 40 செ.மீ. சதுர வாய், 30 செ.மீ. ஆழம். உள்ளே 3 மி.மீ. எஃகுத் தகடு, மேல்விளிம்பு சுடுபவரை நோக்கி வரும்படி 45 பாகையில் சாய்த்து நிறுத்தப்பட்டது. பெல்லட் தகட்டில் மோதிக் கீழ்நோக்கித் திரும்பி, அடியிலுள்ள மணல் தட்டில் விழும். வாயில் இலக்குக் காகிதமும் அதற்குப் பின்னால் ஒரு சாக்குத் துணியும். தெறிக்கும் ஈயச் சிதறலை அது பிடித்துக்கொள்கிறது. பெட்டிக்குப் பின்னால், கைப்பிடிச் சுவருக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் வரை பழைய ஜமுக்காளம் இரட்டை மடிப்பாகத் தளர்வாகத் தொங்குகிறது. குறி தவறி மேலே போகும் குண்டு 7 ஜூலிலும் 200 மீட்டருக்கு அப்பால் போய் விழக்கூடும். இந்த வேகம் தோலைத் துளைக்கப் போதும். கண்ணுக்கு இதில் பாதியே அதிகம். சுடுபவர், பார்ப்பவர் எல்லோருக்கும் பாலிகார்பனேட் கண்ணாடி கட்டாயமானது. மணல் தட்டை மாதம் ஒருமுறை ஈரப்படுத்தியே சலிக்கிறார்கள், ஈயத் தூசி பறக்காமல் இருக்க. சுட்டபின் கை கழுவாமல் முறுக்கு டப்பாவைத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டுப் பாட்டி போட்ட விதி. சரியான விதி.

நான்கு மாதங்களுக்குப் பிறகு

ஏறக்குறைய 2000 குண்டுகள் சுட்டபின் மறு அளவீடு. சராசரி 165 மீ/வி, இடைவெளி 7. பிரித்துப் பார்த்தபோது ஸ்பிரிங் 217 மி.மீ.க்கு வந்திருந்தது, கண்ணாடி மேல் நேராக உருண்டது. மூன்றாவது எஃகு வாஷர் சேர்த்ததும் 167. தோல் வாஷர் நல்ல நிலையில் இருந்தது, இரண்டு சொட்டு சிலிகான் எண்ணெய் மட்டும். குழாயில் புதுக் கீறல் இல்லை. ஓசை பற்றிப் பக்கத்து வீட்டிலிருந்து பேச்சு எழவில்லை.

புதுத் தடுப்பு வந்தபின் குண்டு எதுவும் திரும்பவில்லை.

மறுபடி செய்வதானால்

தடுப்புப் பெட்டி முதலில் வரும், ரைபிள் பிறகு. வரிசை தலைகீழாக நடந்ததுதான் இந்த நிகழ்வில் காயத்துக்கு மிக அருகே கொண்டுபோனது. மணிக்கட்டுக் கிழிசலை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அருகே போன குண்டு அதைவிடப் பெரிது.

எதையும் தொடுமுன் வேகம், ஏற்றும் பளு, டிரிகர் இழுப்பு மூன்றும் எழுதப்படும். நண்பரின் ரைபிள் கிடைத்திராவிட்டால் ஒப்பிட ஒன்றுமே இருந்திருக்காது. அதுவும்கூட முழுச் சரியான ஒப்பீடல்ல. ஒரே மாதிரி ரைபிள்கள் இரண்டுக்கிடையே 10 மீ/வி வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

ஸ்பிரிங் ஒன்றுக்குப் பதில் இரண்டு சுற்றப்படும். பட்டறைக்கு இரண்டாவதன் செலவு முதலாவதில் பாதிகூட இல்லை, ஆனால் ஆறு மாதம் கழித்து அதே கம்பிக் கட்டு அவர்களிடம் இருக்காது. மூலஸ்பிரிங் எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி, ரைபிளோடு சேர்த்தே வைக்கப்படும், அறுக்கப்படாமல்.

டெல்ரின் கைடு மட்டும் முதலிலேயே, பழைய ஸ்பிரிங்கோடு போட்டுப் பார்க்கப்படும். ஓசைதான் ஒருவருடைய ஒரே குறை என்றால் அதோடே வேலை முடிந்துவிடவும் கூடும். நண்பர் தம் ரைபிளில் இப்போது அதைத்தான் செய்திருக்கிறார்: கைடு மாற்றியபின் வேகம் 230 மீ/வி, ‘டணங்’ இல்லை. பத்து மீட்டருக்கு அது இன்னமும் அதிகம்தான். ஆனால் அவர் சுடுவது தோட்டத்தில், 25 மீட்டரில், மண்மேட்டுக்கு எதிரே.